ஊசிக்குள் ஒரு வாய்க்கால்

முதலமடையில் லாரிகளுக்குத் தார்ப்பாய் தைப்பது என் தொழில். கனத்த துணிக்கென்றே ஒரு மோட்டார் மெஷின் வாங்கி மேசையில் பூட்டிய அன்றே, மாங்காய் ஏற்றிய லாரி ஒன்று வந்து நின்றது. அதன் தார்ப்பாய் நடுவில் கிழிந்திருந்தது. வானமோ கறுத்துக்கொண்டு வந்தது.

மெஷினை ஓட்டினேன். இரண்டு தையல் விழுவதற்குள் நூல் அறுந்தது. மறுபடி கோத்தேன், மறுபடி அறுந்தது.

“ஏனுங்கண்ணா, இது தைக்கிற மெசினுங்களா, நூல் திங்கிற மெசினுங்களா?” என்றார் டிரைவர். “மழை புடிச்சா அத்தன மாங்காயும் அழுகிப் போயிருமுங்க.”

கூச்சத்தோடு மறுபடியும் நூலைக் கோக்கக் குனிந்தேன்.

தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டிவிட்டு வந்த என் மனைவி, ஊசியைக் கழற்றி நகத்தால் வருடினாள்.

“ஏனுங்க, இதுல வாய்க்கா மாதிரி ஒரு பள்ளம் ஓடுதுங்க. நூலு எடது பக்கமா எறங்குது, நீங்க வாய்க்கால வலது பக்கம் வெச்சிருக்கறீங்க. அப்பறம் எப்படிப் பாயும்?”

பழைய மெஷினில் வலப்பக்கம் வைத்த பழக்கத்தை என் கை மறக்கவில்லை. ஊசியைத் திருப்பி வைத்தேன். நான்கு மடிப்புத் தார்ப்பாயைத் துளைத்துக்கொண்டு தையல் ஒரே கோடாக ஓடியது. டிரைவர் தார்ப்பாயை ஏற்றி இழுத்துக் கட்டினார்.

லாரி கிளம்பிய சற்று நேரத்தில் மழை கொட்டியது. நான் ஊசியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நூல் உரசாமல் போகட்டும் என்று, இத்தனை சிறிய இரும்பில் யாரோ வாய்க்கால் வெட்டியிருக்கிறார்கள். இப்போதும் புது ஊசி எடுத்தால் என் நகம் முதலில் அதைத்தான் தேடுகிறது.