மூன்றால் வகுத்தவளும் நான்கால் வகுத்தவளும்

எங்கள் பள்ளியில் வகுப்பு மாற்றும் முறை இது: காலாண்டுப் பரீட்சை ஒரு பங்கு, அரையாண்டு ஒரு பங்கு, முழுப்பரீட்சை இரண்டு பங்கு. முழுப்பரீட்சை மார்க்கை இரட்டித்து, மற்ற இரண்டோடு கூட்டி, நாலால் வகுத்தால் ஒவ்வொரு பாடத்திலும் முப்பத்தைந்து வரவேண்டும். வராதவள் அதே வகுப்பில் இருப்பாள். எனக்கு அந்த வகுப்பும் கிடையாது. நாலாவது ஃபாரத்தில், அதாவது ஒன்பதாம் வகுப்பில், சேர்த்த அன்றே அப்பா அம்மாவிடம் சொல்லிவிட்டார்.

"பெயிலாகுற வரைக்கும் படிக்கட்டும். பெயிலானா மாப்பிள்ளை பார்த்துடுவேன்."

எஸ்.எஸ்.எல்.சி. முடித்து டீச்சர் டிரெயினிங் போக வேண்டும் என்பது என் எண்ணம். மற்ற பாடங்களில் பயமில்லை. கணக்குதான் இழுத்தது. காலாண்டில் முப்பத்தொன்று.

அப்பா பொன்மலையில் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் டைம் கீப்பர். ஸ்ரீரங்கத்திலிருந்து தினமும் ரயிலில் போய், வந்தவர்கள் யார், வராதவர்கள் யார் என்று குறித்துவிட்டு வருவார். வேலையை மோசமாகச் செய்கிறவனைக்கூட மன்னிப்பார். வராதவனை மன்னிக்கமாட்டார்.

அரையாண்டுக் கணக்குப் பரீட்சையன்று எனக்குக் காய்ச்சல் நூற்றுமூன்று.

"உடம்பு அனலாக் கொதிக்குதுங்க. இன்னிக்கு ஒரு நாள் வேணாங்க" என்றாள் அம்மா.

"ஆப்சென்ட்னா சைபர். போய் உட்கார்ந்து ஒரு கணக்கு போட்டா ரெண்டு மார்க்காவது விழும். ரெண்டு பெருசா, சைபர் பெருசா?"

 எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. அப்பாவே பஸ்ஸில் கூட்டிப்போய்ப் பள்ளிக்கூட வாசலில் விட்டார். ஒரு கணக்கைப் பாதி போட்டேன். பிறகு விடைத்தாளின் மேலேயே வாந்தி எடுத்தேன். பக்கத்துப் பெண் தாவணியால் மூக்கை மூடிக்கொண்டு பெஞ்சின் ஓரத்துக்கு நகர்ந்தாள். வந்தது டைபாய்டு. மார்க் நாலு.

உடம்பு தேறி ஜனவரியில் பள்ளிக்குப் போனபோது கணக்கு டீச்சர் சராசரிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். உதாரணத்துக்கு எங்களையே எடுத்துக்கொண்டார். பாஸாக இன்னும் எவ்வளவு வேண்டும் என்று ஒவ்வொருத்தியும் போர்டில் போட்டுக் காட்ட வேண்டும்.

"வாடி நாலு மார்க்கு" என்று என்னைக் கூப்பிட்டார்.

நாலு முப்பத்தைந்து நூற்று நாற்பது. அதில் முப்பத்தொன்றும் நாலும் போக நூற்றைந்து. அதில் பாதி ஐம்பத்திரண்டரை. ஐம்பத்துமூன்று என்று எழுதினேன்.

"பார்த்துக்குங்க பிள்ளைங்களா. நாலு வாங்கின மகராசி அம்பத்திமூணு வாங்கப் போறா. காவேரி இனிமே தலைகீழா கல்லணையிலேர்ந்து முக்கொம்புக்கு ஓடும்."

வகுப்பு சிரித்தது. அடுத்து வந்தவளின் அப்பா புத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். அவளும் காய்ச்சல் என்று அதே பரீட்சைக்கு வரவில்லை. காலாண்டில் என்னைவிட ஒரு மார்க் குறைவு, முப்பது. அவள் மூன்றால் வகுத்தாள். முப்பத்தெட்டு எடுத்தால் போதும் என்று வந்தது.

"டீச்சர், அவளுக்கு அரையாண்டு சைபர் இல்லையா?" என்று கேட்டேன்.

"அவ சர்டிபிகேட் குடுத்திருக்கா. அந்தப் பரீட்சை அவளுக்கு நடக்கவே இல்லைன்னு அர்த்தம். நீதான் வந்து எழுதினியே."

நான் இடத்துக்கு வந்து எனக்கும் மூன்றால் வகுத்துப் பார்த்தேன். முப்பத்தேழு.

அப்பாவிடம் சொன்னேன். அவர் வகுத்துப் பார்க்கவில்லை.

"லீவு போட்டுப் பாஸாகுறது ஒரு பாஸா? அம்பத்திமூணுதானே? படி."

படித்தேன். முழுப்பரீட்சையில் நாற்பத்தொன்பது வந்தது. கம்பவுண்டர் மகளுக்கு நாற்பது. அவள் ஐந்தாவது ஃபாரம் போனாள். என் சராசரி முப்பத்துமூன்றேகால்.

மறுநாள் அப்பா என்னையும் அழைத்துக்கொண்டு தலைமையாசிரியையிடம் போனார்.

"நாப்பது எடுத்தவ பாஸு, நாப்பத்தொம்பது எடுத்தவ பெயிலுங்களா?"

தலைமையாசிரியை என் மார்க்குகளைப் பார்த்தார். "அன்னிக்கு இவளை வீட்டிலேயே படுக்க வெச்சு, ஒரு டாக்டர் சீட்டு அனுப்பியிருந்தீங்கன்னா பாஸுங்க. காய்ச்சல்ல எதுக்கு அனுப்பினீங்க?"

அப்பா நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தார்.

"நல்லாப் படிக்கிற பொண்ணு. இன்னொரு வருஷம் இதே வகுப்பில இருக்கட்டுங்க. அடுத்த தடவை முதல் அஞ்சு பேருக்குள்ள வருவா."

"வேணாங்க. டி.சி. குடுத்திடுங்க."

பஸ்ஸில் அவர் என் பக்கம் திரும்பவில்லை. காவேரிப் பாலம் தாண்டியதும் சொன்னார்: "ஊரானுக்கெல்லாம் வருகைக் கணக்கு எழுதுறவன் நான். உன்னால இன்னிக்கு ஒரு பொம்பளை எனக்குப் பாடம் சொல்றா."

வீட்டில் அம்மா இன்னொரு வருஷத்துக்காகக் கெஞ்சினாள். "அவளே இஷ்டப்பட்டுப் படிப்பை விட்டு நின்னுக்கிட்டா" என்று சொல்லிவிட்டு அப்பா சாப்பிட உட்கார்ந்தார். அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு குழம்பு ஊற்றினாள்.

எனக்குப் பதினைந்து முடிந்திருந்தது. வைகாசிக் கடைசியில் மணப்பாறையிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். படிப்பு என்ன என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டார். அப்பா மறைக்கவில்லை. நாலாவது ஃபாரம், கணக்கில் பெயில் என்றார்.

"பெயிலுங்களா? நல்லதாப் போச்சு. என் மூத்த மருமக எஸ்.எஸ்.எல்.சி. பாஸு. நான் ஒண்ணு சொன்னா அவ ஒம்பது சொல்றா."

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். அதற்கு முன் என் மார்க்கைக் கேட்டு அவர் சிரித்து நான் பார்த்ததில்லை.

ஆனியில் முகூர்த்தம் வைத்தார்கள். பள்ளிக்கூடம் திறந்து மூன்றாவது வாரம். பரீட்சை எதுவும் இல்லாத மாதம் என்பதால் என் வகுப்புப் பெண்கள் நிறையப் பேர் வந்து சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.