ஆயுத பூஜைக்கு ஓய்வெடுத்த பெட்டி

மஞ்சுளாவுக்கு உட்கார்ந்த இடத்தில் இருப்புக்கொள்ளாது. சோற்றில் கை வைத்தால்கூட கண் செல்போனில்தான் இருக்கும். "மண்ணுக்குக் காவல் காக்கிறவ" என்று சூரமங்கலம் ரயில்வே குடியிருப்பில் கேலி செய்வார்கள். அவள் வேலையும் கிட்டத்தட்ட அதுதான். சேந்தமங்கலத்தில் தரைக்கடியில் பாதை போட ஆழமாகப் பள்ளம் தோண்டியிருந்தார்கள். இரு கரையும் சரியாமலிருக்க இடையே இரும்புக் குழாய்களை முட்டுக் கொடுத்திருந்தார்கள். அந்த இரும்பில் ஒட்டியிருந்த விரல் நீளக் கருவிகளுக்கு ஸ்ட்ரெய்ன் கேஜ் என்று பெயர். மண் தள்ளத் தள்ள இரும்பு எவ்வளவு நசுங்குகிறது என்று அவை சொல்லும். கரையிலிருக்கும் பெட்டி அதை எண்களாக மஞ்சுளாவின் போனுக்கு அனுப்பும். பள்ளத்தின் விளிம்பை ஒட்டி, தனியாகக் குடியிருந்த பொன்னாத்தாளின் வீடு இருந்தது.

ஆயுத பூஜையன்று காலையிலிருந்து ஓர் எண்ணும் வரவில்லை. முந்தின நாள் முழுக்க மழை வேறு. சைட் சூப்பர்வைசர் தீனதயாளன் போனை எடுக்கவேயில்லை. சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தவள் கரண்டியைக் கணவன் கையில் திணித்துவிட்டு பஸ் ஏறினாள். நாமக்கல்லில் பஸ் மாறுவதற்குள் உயிர் போய் உயிர் வந்தது.

போய்ப் பார்த்தால், பெட்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, சாமந்தி மாலை சாத்தி, பேட்டரி ஒயரைக் கழற்றிப் போட்டிருந்தார் அந்த மனிதர்.

"ஜேசிபி, கலவை மிஷின் எல்லாத்தையும் நிறுத்தியாச்சுங்க மேடம். இது மட்டும் ஓடுனா நல்லாருக்குமுங்களா? அதுக்கும் இன்னைக்கு ஓய்வுங்க" என்று பொரிப் பொட்டலத்தை நீட்டினார்.

திட்டக்கூட நேரமில்லை. ஒயரை மாட்டினாள். நேற்றைவிட எண்கள் எங்கோ ஏறியிருந்தன. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னும் ஏறின. பொறியாளருக்குப் போன் போட்டாள். உடனே வீட்டைக் காலி செய்யச் சொன்னார். ஓடினாள்.

பொன்னாத்தாள் பள்ளத்துப் பக்கச் சமையலறையில் தனியாகப் பொங்கல் வைத்துக்கொண்டிருந்தாள்.

"போன சித்திரையிலயும் இப்பிடித்தான் சொன்ன சாமி. கோழிகளக் கூடையில அள்ளிக்கிட்டு தங்கச்சி ஊட்டுல போயிக் கெடந்தேன். என்ன ஆச்சு?"

அப்போது வெயிலில் இரும்பு சூடேறியதை மண் சரிவென்று நினைத்து மஞ்சுளா பதறிவிட்டாள். அதை எந்த முகத்தோடு மறுப்பது? மழையைச் சொன்னாள், இரும்பு நசுங்குவதைச் சொன்னாள், கெஞ்சினாள். பொன்னாத்தாள் அடுப்பை விட்டு அசையவில்லை. மஞ்சுளா அவள் பக்கத்திலேயே சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"நீங்க வரலீன்னா நானும் போகலீங்க." சொல்லி முடிப்பதற்குள் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நிஜமாகவே பயமாக இருந்தது.

பொன்னாத்தாள் அவளையே பார்த்தாள்.

"கொழந்த இருக்குதா உனக்கு?"

"ஒரு பொண்ணுங்க."

பொன்னாத்தாள் அடுப்பில் தண்ணீரை ஊற்றி அணைத்தாள். "எந்திரி, போலாம்."

மதியம் மறுபடி மழை பிடித்தது. முட்டு இரும்பு ஒன்று வளைந்தது. தெருமுனையில் அவர்கள் நின்று பார்த்துக்கொண்டிருக்க, சமையலறை பொங்கல் பானையோடு பள்ளத்தில் இறங்கியது.

தீனதயாளன் தலையில் அடித்துக்கொண்டார். "நான் ஒயரக் கழட்டாம இருந்திருந்தா மேடம் காலையிலயே போன் பண்ணிச் சொல்லிருப்பாங்களேக்கா!"

"போன்ல சொல்லிருந்தா நான் அங்கயேதான் இருந்திருப்பேன்" என்றாள் பொன்னாத்தாள். மஞ்சுளாவின் கையை அவள் இன்னும் விடவில்லை. "இவ பெத்த புள்ளைய நெனச்சுத்தான் எந்திரிச்சேன்."