பெரிய பேர் எனக்கு வேண்டாம்

நான் இன்னும் பதிலே சொல்லவில்லை. அதற்குள் என் படம் மாதா கோயிலுக்கு எதிரே ப்ளெக்ஸில் ஏறிவிட்டது.

பள்ளிக்கூட அடையாள அட்டையில் இருந்த படத்தை ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கியிருந்தார்கள். மேலே, வடக்கே இருக்கும் அந்தப் பெரிய பல்கலைக்கழகத்தின் பெயர் தங்க நிற எழுத்தில். கீழே "எங்கள் பங்கின் பெருமை". ஞாயிற்றுக்கிழமை பூசை முடிவில் சாமியாரும் அறிவிக்க, எல்லாரும் கைதட்டினார்கள். ஆண்கள் பக்கம் முன்வரிசையில் வெள்ளைச் சட்டையோடு உட்கார்ந்திருந்த அப்பா, அந்தக் கைதட்டலைத் தானே வாங்கிக்கொள்வதுபோலத் தலையை ஆட்டினார். எனக்கு எழுந்து வெளியே போய்விடலாம் போலிருந்தது.

ஏனென்றால் என் கையில் இரண்டு இடங்கள் இருந்தன. இரண்டுமே ஐந்து வருடச் சட்டப் படிப்பு. ஒன்று, உறவுக்காரர்கள் எல்லாரும் யூடியூபில் பார்த்து வாயைப் பிளந்த இடம். கண்ணாடிக் கட்டடம், நீச்சல்குளம், மந்திரி வீட்டுப் பிள்ளைகள். அதன் கட்டணத்தை அப்பா வாய்விட்டுச் சொன்னதே இல்லை. இன்னொன்று ஒடிசாவில், தொடங்கிக் கொஞ்ச காலமே ஆன சின்னக் கல்லூரி. பெயரைச் சொன்னால் "எங்க?" என்று திரும்பக் கேட்பார்கள். படிப்பு, விடுதி, சாப்பாடு என்று எல்லாச் செலவும் அவர்களுடையது.

"ஓசிப் படிப்பு" என்றார் பெரியப்பா. அந்த ஒரு வார்த்தையிலேயே அந்தக் கல்லூரி எங்கள் வீட்டில் தோற்றுப்போனது.

அப்பாவுக்கு விருத்தாசலம் பீங்கான் பேட்டையில் ஒரு சின்ன கம்பெனி. வருடம் முழுக்க மின்சார ஃபியூஸ் கட்டை, டிசம்பர் நெருங்கினால் கிறிஸ்துமஸ் குடிலுக்கான பொம்மைகள். சரக்கு எடுக்கும் சென்னை முதலாளிகள் அவரைப் பார்க்கக் கூப்பிட்டுவிட்டு மதியம் வரை வாசலில் உட்கார வைப்பார்கள். ஒருமுறை நானும் கூடப் போயிருந்தேன். உள்ளே போனபோது அவருக்கு நாற்காலி போடவில்லை. நின்றுகொண்டே பேசி, நின்றுகொண்டே சிரித்துவிட்டு வந்தார். திரும்பும் ரயிலில் என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துச் சொன்னார்: "அந்த மாரி பெரிய எடத்துல நீ படிச்சிட்டா, பேரச் சொன்னதும் எந்திரிச்சி நிப்பானுங்க பாப்பா."

அவர் ஆசைப்பட்டதில் எனக்குக் கோபமில்லை. ஆனால் யாரோ எழுந்து நிற்பதற்காக நான் படிக்க வரவில்லை.

ஒடிசாக் கல்லூரிக்காரர்கள் என்னிடம் பேசினார்கள். அதுதான் என்னை இழுத்தது. கம்பெனிக்குப் பக்கத்திலேயே எங்கள் வீடு, மண் அரைக்கும் இயந்திரம் பகலெல்லாம் ஓடும். அதனால் கோயிலின் மறைக்கல்வி வகுப்பறையில் உட்கார்ந்து செல்போனில் நேர்முகத்துக்குப் பதில் சொன்னேன். திரையில் மூன்று பேர். நடுவில் இருந்த நரைத்த தலை அம்மா கேட்டார், சின்னத் தொழிற்சாலைகளுக்குச் சட்டத்தைத் தளர்த்தினால் வேலை பெருகும் அல்லவா என்று. பெருகாது என்றேன். எங்கள் கம்பெனியில் தூசியில் வேலை பார்க்கும் அக்காமார்கள் இருமுவதைச் சொன்னேன். முகத்துக்குத் துணிகூட யாரும் கொடுப்பதில்லை என்றேன்.

"அது உன் அப்பாவின் கம்பெனி. அவர்மீது வழக்குப் போடுவாயா?"

"முதலில் கேட்பேன். தராவிட்டால் போடுவேன்."

மற்ற இருவரும் சிரித்தார்கள், அந்த அம்மா சிரிக்கவில்லை. என் ஒவ்வொரு வாதத்தையும் உடைத்தார். தட்டுத்தடுமாறிய என் இங்கிலீஷில் நானும் விடவில்லை. கடைசியில், "நீ சொன்னதில் பாதி தவறு. இங்கே வந்து மீதிச் சண்டையைப் போடு" என்றார். அந்தப் பெரிய பல்கலைக்கழகம் என்னிடம் எதையுமே கேட்கவில்லை. மதிப்பெண்ணைப் பார்த்தது, பணம் கட்டக் கெடு சொன்னது, அவ்வளவுதான்.

கெடு நெருங்கிய வாரத்தில் ஒருநாள் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். சூளைக்கு முன்னால் ஒரு ஆள் டேப் பிடித்து அளந்துகொண்டிருந்தார். இன்னொருவர் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தார். பளபளப்புப் பூச்சு முக்கும் கிளேஸ் தொட்டி பக்கத்தில் வேலை செய்யும் பெண்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"யாருப்பா இவங்க?"

"சும்மா பாக்க வந்திருக்காங்க. நீ சாப்பாட்ட வெச்சிட்டு வூட்டுக்குப் போ."

டேப் பிடித்தவர் வெள்ளந்தியாகச் சொல்லிவிட்டார். "பெண்ணாடத்துலேர்ந்து வரோம்மா. கம்பெனிய நாங்க எடுத்துக்கிறோம். அப்பா இங்கியே சூப்பர்வைசரா இருப்பாரு, கவலப்படாத."

சொந்தக் கம்பெனியில் அப்பா இன்னொருவருக்குச் சம்பள ஆள். காரணம் என்ன என்று நான் கேட்கத் தேவையிருக்கவில்லை. சாப்பாட்டைக் கீழே வைத்துவிட்டு டேப் பிடித்தவர் முன்னால் போய் நின்றேன்.

"அண்ணே, டேப்ப சுருட்டிக்குங்க. இது விக்கிறதுக்கு இல்லீங்க."

"பாப்பா!" அப்பாவின் குரல் உயர்ந்தது. "பெரியவங்க பேசற எடத்துல என்ன இது? போ வூட்டுக்கு."

"போறேன்பா. ஆனா எம்பேரச் சொல்லி விக்கிறீங்கன்னா நான் அந்த யுனிவர்சிட்டிக்குப் போவ மாட்டேன். இவங்க முன்னாடியே சொல்லிட்டேன்."

வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "வூட்ல பேசி முடிச்சிட்டு கூப்புடுங்க" என்று பைக்கை எடுத்தார்கள். அப்பா சாப்பாட்டைத் தொடவில்லை.

அன்று சாயங்காலம் நெய்வேலியிலிருந்து பெரியப்பா வந்துவிட்டார். அம்மாவுக்கு விற்கிற சங்கதியே அப்போதுதான் தெரியும். அடுப்படி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஊரெல்லாம் சொல்லியாச்சி. சாமியார் பூசையில சொல்லிட்டாரு. இப்ப எவனோ தருமத்துக்குக் குடுக்கிற படிப்புக்குப் போறேங்கிறியே, உங்கப்பன் எப்பிடி வெளிய தல காட்டுவான்?" என்றார் பெரியப்பா.

"தருமம் இல்ல பெரியப்பா. பேசி வாங்குனேன். அந்தப் பெரிய எடத்துக்குத்தான் அப்பா தன்னையே குடுக்கணும்."

"வாய் ரொம்ப நீளுது."

"அதுக்குத்தான வக்கீலுக்குப் படிக்கப் போறேன்."

அப்பா சுவரில் இருந்த மாதா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பெரியப்பா தோளில் தட்டி ஏதோ சொன்னதும் எழுந்து வெளியே போய்விட்டார்.

அம்மா என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். "அந்த ஊரு ஒனக்கு ஒத்து வரலன்னா திரும்பி வந்துடுவியா?"

"வர மாட்டேம்மா."

"அப்ப போ" என்றாள்.

மறுநாள் காலை கம்பெனிக்குப் போனேன். அப்பா அச்சுகளை வெயிலில் அடுக்கிக்கொண்டிருந்தார். அவர் முன்னால் நின்று செல்போனில் ஒடிசாக் கல்லூரிக்குச் சம்மதம் அனுப்பினேன். பிறகு பெரிய பல்கலைக்கழகத்துக்கு, வரவில்லை என்று இரண்டு வரி. "அனுப்பிட்டேன்பா" என்றேன். கையிலிருந்த அச்சை மெதுவாகக் கீழே வைத்தார். உடைத்திருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

ப்ளெக்ஸை நானே போய்க் கழற்றினேன். கோயிலில் மணியடிக்கும் கோயில்பிள்ளை ஏணி பிடித்தார். பார்த்துவிட்டுப் போனவர்களில் சிலர், சீட்டு கிடைக்காமல் போய்விட்டது போல என்று பேசிக்கொண்டார்கள். யாருக்கும் விளக்கம் சொல்லவில்லை.

ஜங்ஷனுக்கு அப்பா வரவில்லை. அம்மாதான் ரயில் ஏற்றிவிட்டாள்.

அந்தக் கல்லூரியைத் தங்கம் என்று நான் சொல்ல மாட்டேன். நூலகத்தில் பாதி அலமாரி காலி. நல்ல வாத்தியார்கள் நடு வருடத்தில் வேறு இடம் பார்த்துப் போனார்கள். கடுகெண்ணெய்ச் சாப்பாடு எனக்கு இறங்கவில்லை. மாதிரி நீதிமன்றத்தில் நடந்த முதல் வாதப் போட்டியில் நான் வாயைத் திறந்ததும் என் உச்சரிப்பைக் கேட்டுப் பின்வரிசையில் சிரிப்பு. அன்றைக்குத் தோற்றேன். அடுத்ததிலும் தோற்றேன். நரைத்த தலை அம்மா என்னைக் கூப்பிட்டு, "சிரித்தவர்களைப் பார்க்காதே, நீதிபதியைப் பார்" என்றார். அதற்குப் பிறகு எல்லாவற்றிலும் ஜெயித்தேன் என்றில்லை. ஆனால் சிரித்தவர்களைப் பார்ப்பதை விட்டுவிட்டேன்.

அப்பா முதல் வருடம் முழுக்க என்னோடு நேராகப் பேசவில்லை. அம்மாவிடம் "சாப்பிட்டாளான்னு கேளு" என்பார், போனில் எனக்கும் அது கேட்கும். லீவில் வந்தபோது அக்காமார்களுக்கு முகக்கவசம் வாங்கித் தரச் சொன்னேன். அதற்காகத்தான் முதன்முதலில் வாயைத் திறந்தார், திட்டுவதற்கு. திட்டி முடித்து, அடுத்த வாரம் வாங்கி வைத்தார்.

படிப்பு முடிந்து சென்னையில் ஒரு பெரிய வக்கீல் அலுவலகத்துக்கு வேலை கேட்டுப் போனேன். என் கல்லூரிப் பெயரைப் படித்தவர் காகிதத்தை அப்படியே ஓரமாக நகர்த்தினார். வலித்தது, இல்லையென்று சொல்லவில்லை. அப்பா சொன்னது சரிதானோ என்று அந்த லிஃப்டில் இறங்கும்போது தோன்றியது. கீழே தெருவுக்கு வந்ததும், அந்த மேஜைக்கு முன்னால் உட்கார அப்பா தன் சூளையைக் கொடுத்திருக்க வேண்டுமா என்று கேட்டுப் பார்த்தேன். வேண்டாம். இன்றைக்குக் கேட்டாலும் வேண்டாம்தான்.

இப்போது விருத்தாசலம் கோர்ட்டில் என் பெயரில் வழக்காடுகிறேன். கம்பெனி அப்பாவுடையதாகவே ஓடுகிறது. சூளை பழுதாகும் நாட்களில், "அன்னிக்கே வித்திருந்தா நிம்மதியா இருந்திருப்பேன்" என்கிறார். எனக்காக மட்டும்தான் விற்க நினைத்தாரா, அவருக்கே அலுத்துப்போயிருந்ததா என்று எனக்கு இன்னும் தெரியாது. கேட்டால் சொல்லமாட்டார்.

போன மாதம் பங்கு மண்டபத்தில் ஒரு கல்யாணச் சாப்பாடு. பக்கத்து இலைக்காரரிடம் அப்பா வழக்கம்போல ஆரம்பித்தார். "டெல்லிப் பக்கம் பெரிய யுனிவர்சிட்டிலயே கெடச்சிதுங்க. இவதான் போவ மாட்டேன்னுட்டா." அதைக் குறையாகச் சொல்கிறாரா பெருமையாகச் சொல்கிறாரா என்று அவர் முகத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது.

அந்த மனிதர் என் பக்கம் சாய்ந்தார். "தப்பு பண்ணிட்டியேம்மா."

"இல்லீங்க" என்றேன், சோற்றில் ரசத்தை ஊற்றிக்கொண்டே. "யோசிச்சிதான் பண்ணேன்."

அப்பா பரிமாறுகிற பையனைக் கூப்பிட்டு என் இலையைக் காட்டினார். "இன்னும் கொஞ்சம் சோறு வெய்யிப்பா. பேசிப் பேசிப் பசிக்கும்."