வரவுக்கு ஒரு மாலை

என் தம்பி ஒப்பெராவில், வெள்ளைக்காரரின் பாட்டு நாடகத்தில், பாடுகிறவன் என்று சொன்னால் எங்கள் சனம் கேட்கிற முதல் கேள்வி, "கதாநாயகனோ?" என்பதுதான். இல்லை. வேலைக்காரன், குடிகாரன், ஒற்றன், கலியாணத் தரகன், அரைப்பைத்தியம், இப்படிப்பட்டவர்களைத்தான் தம்பி கிளெமென்ற் பாடினான். அதைச் சொன்னதும் கேட்டவரின் முகம் சுருங்கும். எனக்குப் பத்திக்கொண்டு வரும்.

அவனுடையது தெனோர் குரல், ஆண்குரலில் மேலே ஏறுகிற குரல். காதலித்துச் சாகிற நாயகர்களுக்கும் அதே குரல்தான் வேண்டும். ஆனால் கிளெமென்ற்றின் குரலில் கொஞ்சம் கூர் அதிகம். ஆளும் கட்டை. இசைக் கல்லூரியில் அவனுடைய ஆசிரியை முதல் வருடமே சொல்லிவிட்டாள்: நாயகனாக நின்றால் நீ கூட்டத்தில் ஒருவன், குணச்சித்திரப் பாத்திரங்களைப் பாடினால் உன்னை விட்டால் வேறு ஆள் இல்லை. அவன் அன்றைக்கே அதை ஏற்றுக்கொண்டான். நானென்றால் அவளோடு சண்டை பிடித்திருப்பேன்.

மேடையில் அவனுக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். அதற்கு அவன் படுகிற பாடு! ஒஸ்லோவின் ஹவுகன்ஸ்டுவாவில் என் குசினிக்குள் வந்து, நான் வெங்காயம் வெட்டிக்கொண்டு நிற்க, மேசையைச் சுற்றி நொண்டி நொண்டி நடப்பான். "அக்கா, எந்தக் கால் ஏலாது எண்டு தெரியுதோ?" ரயிலில் ஒரு கிழவர் பொக்கற்றுக்குள் ரிக்கற்றைத் தேடினால் கிளெமென்ற் இறங்கவேண்டிய இடத்தில் இறங்கமாட்டான். அந்தக் கிழவரின் விரல்கள் இரண்டு மாதம் கழித்து மேடையில் ஒரு தரகனிடம் இருக்கும். பேப்பர்காரர்கள் கடைசி வரியில், சின்னப் பாத்திரத்தில் வந்தவர் நெஞ்சில் நின்றார் என்று எழுதுவார்கள். அவனுக்கு அது போதும். போதாமல் இருந்தது ஒன்றே ஒன்று. எங்கள் தகப்பன் அப்புவின் மெச்சல்.

அப்புவின் பெயர் யோசேப்பு. யாழ்ப்பாணத்தில் கடற்தொழில். கோவில் திருநாளுக்குக் கூத்துப் போட்டால் அவர்தான் ராசா. வேறு வேசம் கட்டினதே இல்லை. எங்கள் கூத்தில் யார் ராசா, யார் சேவகன் என்பது விளையாட்டுக் காரியமில்லை, குடும்ப மானம். சேவக வேசம் தந்துவிட்டார்கள் என்று முகம் முறித்து, பெண் கொடுக்க இருந்த வீட்டோடு கதை பேச்சை விட்டவர்களும் இருந்தார்கள். பாத்திரம் முதல் முதல் மேடைக்குள் வந்து பாடுவதற்கு வரவு என்று பெயர். வரவு நேரத்தில் சொந்தக்காரர் மேடையில் ஏறி ஆளுக்கு மாலை போடுவார்கள். பாட்டு நிற்கும், மாலை விழும், பிறகு பாட்டுத் தொடரும். யாரும் குறை சொல்லமாட்டார்கள். ராசாவுக்குத்தான் மாலை நிறைய விழும்.

அம்மா செத்தபிறகு அப்பு ஒஸ்லோவுக்கு வந்து ரொம்மனில் ஒரு சின்ன வீட்டில் இருந்தார். இரண்டாயிரத்து இரண்டில் கிளெமென்ற் அவரை முதல்தரம் ஒப்பெராவுக்குக் கூப்பிட்டான். அப்பு தமிழ்க்கடைக்குப் போய் மினுங்குகிற சரிகை மாலை ஒன்று வாங்கினார்.

"அப்பு, அங்கை இடையிலை மாலை போட விடமாட்டினம்" என்று ரயிலில் வழியெல்லாம் சொன்னேன்.

"என்ர பிள்ளைக்கு நான் போடுறன். ஆர் என்னைக் கேக்கிறது?"

அப்பொழுது ஒப்பெரா நகரத்துக்குள், பழைய நாடகசாலையில் நடந்தது. எங்களுக்கு முன்வரிசை. கிளெமென்ற் தட்டம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு தள்ளாடித் தள்ளாடி வந்தான். வரவு! அப்பு மாலையோடு எழும்பிவிட்டார். நான் சட்டையைப் பிடித்து இழுக்க இழுக்க ஓர் அடி வைத்துவிட்டார். அந்த நேரம் பார்த்து எசமான் காலைத் தூக்கி கிளெமென்ற்றின் பின்பக்கத்தில் ஓர் உதை கொடுத்தான். தட்டம் ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம். சபை முழுக்கக் கொல்லென்று சிரித்தது.

அப்பு சிரிக்கவில்லை. அவர் திரும்பி, சனத்தின் முழங்கால்களை இடித்துக்கொண்டு வெளியே போனார். அவர் போகிறதைக் கிளெமென்ற் நிலத்தில் கிடந்தபடியே கண்டிருக்கிறான். கண்டுகொண்டே பாடியிருக்கிறான்.

வீட்டு வாசலில்தான் அப்பு வாய் திறந்தார். "உதைபடுறதுக்கோ இவன் இவ்வளவு படிச்சவன்? ராசாவா வரட்டும். அண்டைக்குப் போடுறன்." மாலையைப் பைக்குள் போட்டு, கதவுக்குப் பக்கத்தில் ஆணியில் தூக்கிவிட்டார்.

அது வருடக்கணக்காக அங்கே தொங்கியது. ஞாயிறு பூசை முடிந்து சாப்பிட வருகிற கிளெமென்ற், அந்த ஆணிக்குப் பக்கத்துக் கொளுக்கியில்தான் தன் குளிர்ச்சட்டையைக் கொழுவுவான். பேப்பரில் வந்ததை அப்புவுக்குத் தமிழில் சொல்லுவான். அப்பு சோற்றைக் குழைத்தபடி கேட்பார், "ராசா எப்ப?"

"என்ர குரலுக்கு ராசா வராது, அப்பு."

"அப்ப ஏன் பாடுறாய்?"

நான் கறிச்சட்டியை மேசையில் டங்கென்று வைப்பேன். கிளெமென்ற் என்னைப் பார்த்துக் கண்ணடிப்பான். ஆனால் போகும்போது அந்தப் பையைப் பார்க்காமல் அவன் ஒருநாளும் போனதில்லை.

பிறகு அப்புவுக்கு நடுக்குவாதம் வந்தது. மேடை அதிரப் பாடின மனுசனுக்குக் குரல் இறங்கி, காதைக் கிட்டக் கொண்டுபோனால்தான் கேட்கும் என்றாகிவிட்டது. ஒரு சொல்லுக்கு முன்னால் இரண்டு தரம் மூச்சு எடுப்பார். வலது கையின் பெருவிரலும் சுட்டுவிரலும் எந்நேரமும் எதையோ உருட்டிக்கொண்டிருக்கும். முதியோர் இல்லத்தில் இடம் கிடைத்தபோது அவர் கேட்டு வாங்கிக்கொண்டு போன சாமான்கள் செபமாலையும் அந்தப் பையும். கிளெமென்ற் ஒத்திகை இல்லாத நாளெல்லாம் போய்ப் பக்கத்தில் இருப்பான். முகம் துடைப்பான், கஞ்சி பருக்குவான், அந்த விரல்களைப் பிடித்துக்கொண்டிருப்பான்.

இரண்டாயிரத்து எட்டில் கடலோரம் வெள்ளைக் கல்லில் புது ஒப்பெரா திறந்தார்கள். அந்த இலையுதிர் காலத்தில் ஒருநாள் நான் குழந்தைகள் காப்பகத்தில் வேலையில் நிற்கும்போது போன் அடித்தது. "அக்கா! ராசா வந்திட்டுது!"

ஏதோ சீனத்துக் கதை. அதில் ஒரு கிழட்டுச் சக்கரவர்த்தி, உயரத்தில் இருந்தபடி கொஞ்சநேரம் பாடுவார். தளர்ந்த ராசா என்பதால் அதை நாயகர்களுக்குக் கொடுப்பதில்லையாம், கிளெமென்ற் மாதிரி ஆட்களுக்குத்தானாம். எனக்கென்ன? ராசா ராசாதானே. ஓடிப்போய் அப்புவின் காதுக்குள் சொன்னேன்.

"சிம்மாசனம்... இருக்கோ?"

"ஓம் அப்பு."

"முடி?"

"முடியும் இருக்கு."

"கூட்டிக்கொண்டு போ."

சக்கர நாற்காலி ஏற்றுகிற ராக்சியில் கொண்டுபோனேன். மடியில் மாலை. இந்தமுறை கடைசிவரைக்கும் பொறுக்கவேண்டும் என்று சத்தியம் வாங்கிக்கொண்டேன். விளக்கு எரிய, படிகளுக்கு மேலே, நீள வெள்ளைத் தாடியோடு சக்கரவர்த்தி இருந்தார். அவருடைய வலது கையின் இரண்டு விரல்கள் எதையோ உருட்டிக்கொண்டிருந்தன. பாட வாயைத் திறந்து, ஒரு மூச்சு எடுத்தார். இன்னொரு மூச்சு எடுத்தார். பிறகுதான் குரல் வந்தது.

அட பாவி, இதையாடா எடுத்தாய்! பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். அப்புவின் விரல்கள் மாலையின் மேல், மேலே இருந்தவரின் விரல்களோடு ஒத்து உருண்டுகொண்டிருந்தன. அவர் கண் வெட்டவில்லை.

எல்லாம் முடிந்ததும் கிளெமென்ற் தாடியையும் அங்கியையும் கழற்றாமல் மண்டபத்துக்கு ஓடிவந்தான். நாற்காலிக்கு முன்னால் முழங்காலில் நின்று தலையைக் குனிந்தான். முப்பத்தைந்து வயது தாண்டின ஆள், சின்னப்பிள்ளை மாதிரி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

அப்பு மாலையைத் தூக்கினார். கை நடுங்கி அது மடியில் விழுந்தது. திரும்பத் தூக்கினார். திரும்ப விழுந்தது. நான் கை கொடுக்கப் போனேன், தட்டிவிட்டார். அதற்குப் பிறகு அவர் தூக்கவில்லை. தம்பியின் தாடியை, முடியை, கையைப் பார்த்தார்.

"எனக்குப் போடு" என்றார்.

கிளெமென்ற் நிமிர்ந்தான். "என்ன, அப்பு?"

"மேலை இருந்தது... நான்தானே. எனக்குப் போடு."

கிளெமென்ற் மாலையை எடுத்து, சரிகையை நீவி, அப்புவின் கழுத்தில் போட்டான். அப்பு கண்ணை மூடிக்கொண்டார். முகத்தில் அப்படியொரு நிறைவு. அதற்குள் ராக்சிக்காரன் வந்துவிட்டான். நாற்காலியை நான் தள்ளிக்கொண்டு போக, தம்பி அந்த அங்கியோடு மண்டபத்தின் நடுவில் நின்றான்.

அன்றைக்கு வந்த கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. கடைசியில்கூட அந்தக் கிழவன் ராசாவை விட்டுக்கொடுக்கவில்லையே! அடுத்த நாள் கிளெமென்ற் என் குசினிக்குள் வந்து கேட்டான், "அக்கா, அப்பு என்னைப் பாராட்டினவரோ?"

"பின்னை என்ன? அவரையே அப்பிடியே கொண்டுவந்து இருத்தினனி. அதைவிட வேறை என்ன வேணும்?"

"எனக்கு மாலை வேணும், அக்கா" என்றான். சொல்லிவிட்டுச் சிரித்தான். நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மார்கழியில், நத்தார்த் திருநாளுக்கு முன்னம் அப்பு போய்விட்டார். பெட்டி மூடும்போது அந்த மாலை அவர் கழுத்திலேயே இருந்தது. கழற்றவா என்று நான் கண்ணால் கேட்டேன். கிளெமென்ற் வேண்டாம் என்று தலையாட்டினான்.

அடக்கம் முடிந்த அதே வாரம் அவனுக்கு மேடை இருந்தது. பழைய அந்தத் தட்டம் தூக்கும் வேலைக்காரன். வேறு ஆளைப் போடுகிறோம் என்று அங்கே சொன்னார்களாம். இவன்தான் மறுத்துவிட்டான். நான் யாருக்கும் சொல்லாமல் தனியே ரிக்கற் எடுத்துப் போனேன். கையில் மாலை ஒன்றும் இல்லை, அது மண்ணுக்குள் போய்விட்டது.

தட்டத்தோடு தள்ளாடி வந்தான் என் தம்பி. வரவு. நான் எழும்பி நின்றேன். எசமான் உதைத்தான், தம்பி விழுந்தான், சனம் சிரித்தது. பின்னால் இருந்த மனுசி என் முதுகில் தட்டி உட்காரச் சொன்னாள். நிலத்தில் கிடந்தபடி கிளெமென்ற் என்னைக் கண்டான். கண்டுகொண்டே பாடினான். அவன் பாடி முடித்து உள்ளே போகும்வரை நான் உட்காரவில்லை.