மனுவில் விழுந்த சீல்

எங்கள் அத்தைக்குக் கோபம் வந்தால் சத்தம் வராது, மனு வரும். தெருவிளக்கு எரியவில்லையா, மனு. பஸ் நிற்காமல் போனதா, மனு. அப்பாவின் தங்கை. அம்பத்தூர் எஸ்டேட்டில் தையல் கம்பெனி வேலை. பருத்திப்பட்டில் எங்களோடுதான் இருந்தாள். 'மனு மகாராணி' என்று அம்மா அவளுக்குப் பெயரே வைத்திருந்தாள்.

அவள் எழுதியதிலேயே பெரிய மனு ராஜாவுக்காக எழுதியது. ராஜா எங்கள் தெரு நாய். எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது, கடை வாசலில் படுத்திருந்த குற்றத்துக்காக டீக்கடைக்காரர் அதன் முதுகில் வெந்நீரை ஊற்றினார். அத்தை விடவில்லை. போலீஸ், கேஸ், கோர்ட் என்று அலைந்தாள். கடைசியில் அபராதம் ஐம்பது ரூபாய். பழைய சட்டம், அதில் அவ்வளவுதான் எழுதியிருக்கிறது என்றார்கள். அவர் சிரித்துக்கொண்டே கட்டிவிட்டு வந்து, தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்.

"அம்பது ரூபாதானே? இன்னொரு தபா ஊத்திட்டு இன்னொரு அம்பது கட்றேன். இன்னா இப்ப?"

புண் ஆறியதும் ராஜா திரும்பவும் அங்கேயே போய்ப் படுத்தது. பொறை ரொட்டி வாசனை இழுத்தது போலிருக்கிறது. எனக்குப் பள்ளிக்கூடத்தில் இருப்புக்கொள்ளாது. நான் வீடு திரும்புவதற்குள் ஊற்றிவிடுவாரோ என்ற நினைப்பாகவே இருக்கும்.

அத்தை சட்டத்தையே மாற்றுவது என்று கிளம்பினாள். நாலு மாதம், ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வருகிறவர்களை மாதா கோயில் வாசலில் மறித்துக் கையெழுத்து வாங்கினாள். கம்பெனி பஸ்ஸிலும் யாரையும் விடவில்லை. நாய்க்கெல்லாம் சட்டமா என்று சிரித்தவர்கள்கூட, அவளிடமிருந்து தப்பித்தால் போதுமென்று போட்டார்கள். டீக்கடைக்காரரின் மனைவியும் போட்டாள், அவருக்குத் தெரியக்கூடாது என்ற நிபந்தனையோடு.

ஒரு சனிக்கிழமை பூந்தமல்லியில் இருந்த எம்.பி. அலுவலகத்துக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே இருந்த உதவியாளர் மனுவைப் பொறுமையாகப் புரட்டிப் பார்த்து, டில்லிக்கு அனுப்பிவைப்பதாகச் சொன்னார். அத்தை ஜெராக்ஸ் நகலை நீட்டி, "இதுல ஒரு சீல் வச்சிக் குடுங்க சார்" என்றாள். ஊதா மையில் 'டொக்'கென்று சீல் விழுந்தது. வெளியே வந்ததும் எனக்கு ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்தாள். பிராகிரஸ் ரிப்போர்ட்டானாலும் ரேஷன் கார்டானாலும் சீல் விழுந்தால்தான் செல்லும் என்பது எனக்குத் தெரியும். இதிலும் விழுந்துவிட்டது. ஆகவே சட்டம் மாறிவிட்டது.

பஸ்ஸைவிட்டு இறங்கியதும் அத்தை கையிலிருந்த நகலைப் பிடுங்கிக்கொண்டு டீக்கடைக்கு ஓடினேன்.

"சட்டத்த மாத்தியாச்சு! சீல் பாருங்க! இனிமே அம்பது ரூபா கெடையாது, ஜெயிலுதான்!"

அவர் நகலை வாங்கி சீலை மட்டும் பார்த்தார். மூச்சிரைக்க வந்து நின்ற அத்தையைப் பார்த்து, "இன்னாம்மா, நெஜமாவா?" என்றார். அத்தை ஒரு கணம் என்னைப் பார்த்தாள்.

"டில்லிக்குப் போவுதுண்ணா" என்றாள்.

அவர் நகலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வெந்நீர்ச் சட்டியை மேடை ஓரத்திலிருந்து உள்ளே தள்ளி வைத்தார். அன்றிரவு நான் நிம்மதியாகத் தூங்கினேன். அத்தை என்னைத் திட்டாதது மட்டும் எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

டில்லியில் அந்த ஐம்பது ரூபாய் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. நடுவில் மாற்றப்போவதாக ஒரு வரைவு வந்தது. அன்றைக்கும் அத்தை ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்தாள். இப்போது அவளுடைய மனுக்களை நான்தான் டைப் செய்கிறேன். சீல் விழுந்த நகல்கள் ஒரு கட்டைப்பை நிறையச் சேர்ந்துவிட்டன. போன வாரம் அதில் அந்த முதல் நகல் கிடைத்தது. அன்றைக்கு டீக்கடைக்காரரும் படிக்கவில்லை, நானும் படிக்கவில்லை. சீலில் இருந்தது தேதியும் ஒரே ஒரு சொல்லும்தான்: 'பெறப்பட்டது.'

அந்தச் சொல்லை நம்பி, ராஜா அந்த வாசலிலேயே ஏழு வருஷம் படுத்திருந்து, வயதாகித்தான் செத்தது.