புண் ஆறும் வரை எழுதுவதில்லை

ஒரு நோயாளி என்னை நம்பிச் சொன்ன ரகசியத்தை இன்னொரு நோயாளியின் உருவத்தில் ஒட்டி, பத்திரிகையில் எழுதிக் கைதட்டல் வாங்கினேன். அதன் விளைவாக அந்த இரண்டாவது மனிதருக்குக் காலில் ஒரு விரல் போனது.

என் தொடர் திடீரென்று நின்றபோது, 'பணிச்சுமை காரணமாக டாக்டர் சிறிது காலம் எழுத மாட்டார்' என்று அந்த உள்ளூர் வார இதழில் கட்டம் கட்டிப் போட்டார்கள். பணிச்சுமை இருந்தது உண்மை. ஆனால் நான் தொழிலுக்கு வந்த நாளிலிருந்தே அது இருக்கிறது. நிறுத்தியதற்குக் காரணம் வேறு. காலையில் வார்டில் பார்த்ததை மாலையில் செல்போனில் எழுதிப் போடுகிற இளம் டாக்டர்கள் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதால் சொல்கிறேன்.

1. எழுதுகிற டாக்டர்

என் கிளினிக் திருப்பூரில், பனியன் கம்பெனிகள் நிறைந்த வீரபாண்டியில் இருக்கிறது. காலை ஷிப்டுக்கு முன் ஒரு கூட்டம், டீ பிரேக்கில் மூச்சிரைக்க ஒரு கூட்டம், சாயங்காலம் கம்பெனி வேன் வாசலிலேயே இறக்கிவிடும் ஒரு கூட்டம். இதற்கு நடுவில்தான் வாரம் ஒரு கட்டுரை எழுதினேன். வார இதழின் ஆசிரியர் என்னிடம் பிரஷருக்கு மாத்திரை வாங்குபவர். கட்டுரை வர ஒரு நாள் தாமதமானால் அவருக்குப் பிரஷர் ஏறும். அதை இறக்குவதற்காகவே எழுதுகிறேன் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொள்வேன். உண்மையில் எனக்குப் புகழ் பிடித்திருந்தது.

தொடர் பிரபலமானதும் என் நோயாளிகள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். தன்னைப் பற்றி எழுத வேண்டும் என்பவர்கள் ஒரு கட்சி. எழுதிவிடுவேனோ என்று பயப்படுபவர்கள் இன்னொரு கட்சி. முதல் கட்சிக்காரர்கள் சாதாரணச் சளியைக்கூட விஸ்தாரமாக வருணித்தார்கள். செக்கிங் செக்‌ஷனில் வேலை செய்யும் ஒரு அம்மா வயிற்றுவலிக்குப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்தார். பத்திரிகையில் போட்டோவும் வரும் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள். இரண்டாவது கட்சியில் ஏற்றுமதி ஆர்டர்களைக் கவனிக்கும் ஒரு மெர்ச்சண்டைசர் இருந்தார். மூலத்துக்குக் காட்ட வந்தவர், "டாக்டர், எழுதறதா இருந்தா தொண்டைவலின்னு எழுதுங்க" என்று கேட்டுக்கொண்டார்.

என் நர்ஸ் சகாயமேரி தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைப்புக்காக இங்கே வந்த குடும்பத்துப் பெண். அவருக்கு என் எழுத்தின் மேல் மரியாதை கிடையாது. "சார், நீங்க பிரஷர் பாக்கியளா, கதை கேக்கியளா? வெளிய ஆளுக நிக்க எடமில்ல" என்று திரையை விலக்கிக் கேட்பார். நான் சிரித்துவிடுவேன். அன்றே அவர் பேச்சைக் கேட்டிருக்கலாம்.

2. மைசூர்பாகும் ஜிலேபியும்

பனியன் கம்பெனி முதலாளி ஒருவருக்கு என்ன மருந்து கொடுத்தாலும் சுகர் இறங்கவில்லை. ஒருநாள் அவரே எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து உண்மையைச் சொன்னார். கம்பெனி சாம்பிள் ரூமில், துணி வாங்கும் வெளிநாட்டு பையரின் பெயர் போட்டு ஒட்டிய அட்டைப்பெட்டிக்குள் மைசூர்பாகு வைத்திருந்தார். பையர் பெயர் ஒட்டிய பெட்டியை அவருடைய கம்பெனியில் யாரும் தொட மாட்டார்கள். "ஊட்ல மட்டும் சொல்லிப்போடாதீங்க டாக்டர்" என்று கையைப் பிடித்துக்கொண்டார். சொல்ல மாட்டேன் என்றேன்.

வீட்டில் சொல்லவில்லை. ஊருக்கே எழுதினேன்.

அவரை மறைக்க வேண்டுமே என்பதற்காக, பனியன் கம்பெனியை விசைத்தறிகள் ஓடும் தறிக்குடோனாக மாற்றினேன். திருப்பூரை சோமனூராக்கினேன். மைசூர்பாகு ஜிலேபியாயிற்று. சாம்பிள் ரூம் பெட்டி, ஊடை நூல் சுற்றிய தார்க்குச்சிகள் போட்டு வைக்கும் பெட்டியாயிற்று. தறி ஓடும் சத்தத்தில் பொட்டலம் பிரிக்கும் சத்தம் மனைவிக்குக் கேட்காது என்று ஒரு வரி சேர்த்தேன். அந்த வரி எனக்கு மிகவும் பிடித்துப்போனது.

இத்தோடு நிறுத்தியிருந்தால் அது வெறும் கற்பனை. ஆனால் என் கதை முதலாளிக்கு முகம் இல்லை. எழுதியதைப் படித்தால் காகிதத்தில் வெட்டிய பொம்மை மாதிரி இருந்தது. அப்போது சோமனூரில் உண்மையாகவே தறி வைத்திருந்த இன்னொரு நோயாளி நினைவுக்கு வந்தார். இங்கே அவரைத் தறிக்காரர் என்று மட்டும் சொல்கிறேன். அவருக்கும் சுகர். இடது கையால் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு சாய்ந்து சாய்ந்து நடப்பார். சாப்பாட்டைப் பற்றி எதைக் கேட்டாலும் "அளவாத்தானுங்க" என்பார். சோறு? அளவாத்தானுங்க. பழம்? அளவாத்தானுங்க. அந்த நடையையும் அந்தச் சொல்லையும் அப்படியே எடுத்து என் கதை முதலாளிக்கு மாட்டிவிட்டேன். பொம்மை எழுந்து நடந்தது.

கட்டுரை வாட்ஸ்அப்பில் பறந்தது. பனியன் முதலாளி இதழைக் கட்டாக வாங்கி நண்பர்களுக்குக் கொடுத்தார். "பாவம் அந்தத் தறிக்காரன்னு நானும் சேந்து சிரிச்சனுங்க" என்று என்னிடம் வந்து சொன்னார்.

3. பெட்டியைக் கவிழ்த்த அம்மா

அதற்குப் பிறகு தறிக்காரர் வரவில்லை. மாதாமாதம் வருபவர் வரவில்லை என்றால் ஒரு போன் போட்டுக் கேட்டிருக்க வேண்டும். கோயம்புத்தூரில் யாரிடமாவது காட்டுகிறார் என்று நானே முடிவு செய்துகொண்டேன். இது என்னுடைய இரண்டாவது தவறு.

பிறகு ஒருநாள் அவருடைய மனைவி போன் செய்தார். குரலைத் தாழ்த்திப் பேசினார். புதுச் செருப்பு கடித்துக் கணவர் காலில் கொப்புளம் வந்திருக்கிறது. சுகர் முற்றிய கால், உணர்வு கிடையாது. அவர் மஞ்சளை அப்பித் துணியைச் சுற்றிவிட்டு நடமாடிக்கொண்டிருக்கிறார். இப்போது துணியை அவிழ்த்தால் நாற்றம் வருகிறது. ஆனால் டாக்டரிடம் வர மாட்டேன் என்கிறார்.

ஏன் என்று கேட்டேன்.

"நீங்க எழுதுனதுதானுங்க" என்றார். "நான்தான் ஊட்ல எல்லாருக்கும் சத்தமாப் படிச்சுக் காமிச்சேன். ஒறம்பரை சனமெல்லாம் வந்திருந்தாங்க. பாதி படிக்கறப்பவே இது நம்மாளுன்னு தெரிஞ்சு போச்சுங்க. நேரா குடோனுக்குப் போயிப் பெட்டியக் கவுத்தனுங்க."

"ஜிலேபி இருந்ததா?"

"இருந்துதுங்க" என்றார்.

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். என் கற்பனையில் உதித்த பெட்டிக்குள், ஒரு மனிதர் நிஜமாகவே ஜிலேபி வைத்திருந்தார். தறியில் வேலை செய்பவர்கள் எல்லாம் தறியை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்திருக்கிறார்கள். அன்றிலிருந்து சுற்றுவட்டாரத்தில் அவருக்கு ஜிலேபி முதலாளி என்று பெயர்.

4. பேச்சுவார்த்தை

கிளினிக்கை அப்படியே விட்டுவிட்டு சோமனூர் போனேன். சகாயமேரி டிரெஸ்ஸிங் சாமான்களோடு கூட வந்தார். தறிக்காரர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் காலை வேட்டிக்குள் இழுத்துக்கொண்டார். வாங்க என்று கும்பிட்டார். டீ வைக்கச் சொன்னார். கோபத்திலும் மரியாதை குறையவில்லை. காலை மட்டும் காட்டவில்லை.

"யாருங்க உங்களுக்குச் சொன்னது?" என்று கேட்டார்.

யாரும் சொல்லவில்லை, நானாக எழுதியது என்றேன்.

"கற்பனையில எப்படீங்க என்ற பெட்டிக்குள்ள கை வுட்டீங்க?"

"பெட்டி தற்செயலாக அமைந்தது. நடையும் பேச்சும் உங்களுடையவை. அவற்றைத் தெரிந்தேதான் எடுத்தேன். அது என் தப்பு" என்றேன்.

பக்கத்துக் குடோனில் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன.

"ஜிலேபி கெடக்கட்டுமுங்க" என்றார் பிறகு. "நான் பேசற மாதிரியே எழுதி, அதை என்ற பொண்டாட்டியே படிச்சுக் காமிச்சா, நான் இல்லீன்னு எப்படீங்க சொல்றது? உங்ககிட்ட எதைச் சொன்னாலும் பத்திரிகையில வரும். இந்தக் காலக் காமிச்சா அடுத்த வாரம் இதும் வரும்."

வராது என்றேன். அவர் நம்பவில்லை. நம்ப வேண்டிய காரணமும் இல்லை. சகாயமேரிக்குப் பொறுமை போய்விட்டது. "அய்யா, அவுக எழுதுனா நான் கையைப் பிடிச்சுக்கிடுதேன். நீங்க காலைக் காட்டுங்க. விட்டா கால் போயிரும்" என்றார்.

அவர் என்னைப் பார்த்தார். "அப்படீன்னா ஒண்ணு பண்ணுங்க. இந்தப் புண்ணு ஆறுற வரைக்கும் நீங்க எதும் எழுதப்படாதுங்க. என்னையப் பத்தி மட்டுமில்லீங்க. யாரப் பத்தியும்."

சரி என்றேன். வேட்டிக்குள்ளிருந்து கால் வெளியே வந்தது.

துணியை அவிழ்த்ததும் சகாயமேரி என் முகத்தைப் பார்த்தார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. சுண்டுவிரல் கருத்திருந்தது. அன்றே கோயம்புத்தூருக்குக் கூட்டிப்போனோம். அங்கே சர்ஜனாக இருக்கும், நான் மருத்துவக் கல்லூரியில் பாடம் எடுத்த காலத்து மாணவர் விரலை எடுத்தார். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் பாதத்தோடு எடுக்க வேண்டி வந்திருக்கும் என்றார். இதைத் தறிக்காரரிடம் சொன்னேன். அவர், "அப்ப அளவாத்தான் எடுத்திருக்கறீங்க" என்றார். அவர் சிரித்தார். என்னால் முடியவில்லை.

5. இடைவேளை

கட்டுரை எழுதுவதற்காக ஒதுக்கியிருந்த ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் சோமனூர் போய் நானே டிரெஸ்ஸிங் செய்தேன். அதை ஒரு நர்ஸே செய்யலாம். ஆனாலும் நான்தான் செய்தேன்.

இதற்கிடையில் வாசகர்கள் சும்மா இருக்கவில்லை. பணிச்சுமை என்று போட்டதை ஒருவரும் நம்பவில்லை. எனக்குத்தான் உடம்பு சரியில்லை என்று முடிவு கட்டி இளநீர் வாங்கி வந்தார்கள். ஒரு கட்டிங் மாஸ்டர் என் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, நல்ல டாக்டராகப் பார்த்துக் காட்டுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். பட்டுப்புடவை அம்மா, தன்னைப் பற்றி எழுதாமலே நிறுத்திவிட்டேனே என்று கோபித்துக்கொண்டார். ஆசிரியருக்குப் பிரஷர் ஏறியது. மாத்திரையின் அளவைக் கூட்டினேன்.

எழுத முடியாமல் இருந்தது எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. யாராவது சுவையாக எதையாவது சொன்னால் கை தானாகப் பேனாவைத் தேடும். அப்போதுதான் ஒன்று புரிந்தது. பல வருடங்களாக நான் நோயாளி சொல்வதில் பாதியை மட்டும் வைத்தியத்துக்காகக் கேட்டுக்கொண்டிருந்தேன். மீதியைக் கட்டுரைக்காகக் கேட்டுக்கொண்டிருந்தேன். நோயாளிகளுக்கு இது தெரிந்திருக்கிறது. அவர்களும் பாதியைத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

தறிக்காரர் என் நிலைமையை ரசித்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தபோது மனைவியைக் கூப்பிட்டுச் சொன்னார்: "நான் ஒரு ஜிலேபி தின்னா புண்ணு ஆறாது. புண்ணு ஆறலீன்னா டாக்டரு எழுத முடியாது. இவர்ற பேனா என்ற வாயிலதான் இருக்குது பாத்துக்க."

"வாய மூடிட்டு இருங்க, பேனா பத்திரமா இருக்கும்" என்றார் அந்த அம்மா.

6. செருப்பு

புண் மெதுவாக, சலிக்கச் சலிக்க ஆறியது. தோல் மூடிய ஞாயிற்றுக்கிழமை அவர், "இனி எழுதிக்கோங்க" என்றார். ஆசிரியருக்குச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. முதலில் இதை எழுதி முடிக்க வேண்டும் என்று தோன்றியது.

எழுதியதும் பனியன் முதலாளியிடம் கதவைச் சாத்திவிட்டுப் படித்துக் காட்டினேன். அவருக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றியதாக நான் நினைத்துக்கொண்டது பொய் என்றும் சொன்னேன். எழுதியது அப்படியே இருக்கட்டும் என்றார். வீட்டில் அவரே சொல்லிக்கொள்வதாகவும் சொன்னார். தறிக்காரரிடம் அவர் வீட்டில், மனைவியும் இருக்கும்போதே படித்தேன். சில வரிகளை எடுக்கச் சொன்னார்கள். எடுத்துவிட்டேன். உறவினர் ஒருவரைப் பற்றிய அந்த வரிகள் நன்றாகத்தான் இருந்தன. எழுதும் டாக்டர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: பெயரை மாற்றினால் ஆள் மறைந்துவிடுவதில்லை. எழுதியதை முதலில் அவருக்குப் படித்துக் காட்டுங்கள். அவருக்குத் தெரியாமல் வெளியிட வேண்டும் என்று தோன்றினால், வெளியிடாதீர்கள்.

இனி வருவதையும் தறிக்காரருக்குப் படித்துக் காட்டிய பிறகே சேர்க்கிறேன். போன வாரம் காலை நேரக் கூட்டத்தில், டோக்கன்கூட வாங்காமல் தறிக்காரர் உள்ளே வந்தார். சகாயமேரி தடுப்பதற்குள், விரல் போகாத காலைத் தூக்கி என் மேசை மேல் வைத்துவிட்டார்.

"நேத்து ராத்திரி கால் கழுவறப்ப பாத்தனுங்க. கட்டைவிரல் பக்கத்துல செவப்பா இருக்குது. ஊட்ல கேட்டா ஒண்ணுமில்லீங்கறா. எனக்கு மனசு கேக்கல. பஸ் ஏறி வந்துட்டனுங்க."

பார்த்தேன். சிவப்பாகத்தான் இருந்தது. அழுத்தினேன். வீக்கம் இல்லை, சூடு இல்லை. பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்துத் துடைத்தேன். சிவப்பு பஞ்சோடு வந்துவிட்டது. அவர் கழற்றிவைத்த செருப்பைப் பார்த்தேன். வாருக்கு அடித்த சாயம் அது.

"சாயமுங்களா" என்றார். அவருக்கு வெட்கமாகிவிட்டது. "இதுக்குப் போயி உங்க நேரத்தை வீணாக்கிட்டனுங்களே."

வெளியே கூட்டம் முணுமுணுத்தது. நான் அந்தக் காலை மேசையிலிருந்து இறக்க விடவில்லை. விரல் இடுக்கு, குதிகால், உள்ளங்கால் எல்லாவற்றையும் நிதானமாகப் பார்த்தேன். பிறகு விரல் இல்லாத இன்னொரு காலையும் தூக்கி வைக்கச் சொன்னேன்.