கடலைப் பார்த்துத் திருப்பிய நாற்காலிகள்

ஒரே ஆள் நடிக்கும் நாடகம் என்றால் எனக்கு உள்ளுக்குள் ஒரு பயம். நடிப்பவர் தடுமாறினால் தாங்கிப்பிடிக்கப் பக்கத்தில் யாரும் கிடையாது. பத்துப் பேர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் நாமும் நைசாக எழுந்து போய்விட முடியாது. அப்படிப்பட்ட சின்ன நாடகங்களாகவே மூன்று நாள் போடுகிறார்கள், அதுவும் குமரி மாவட்டத்தில், அரங்கமே இல்லாத இடங்களில் என்று கேள்விப்பட்டதும் மதுரையிலிருந்து கிளம்பிவிட்டேன். பயப்படுகிற விஷயத்துக்கு லீவு போட்டுப் போவது என் கெட்ட பழக்கம். இது 2013 செப்டம்பரில். வெள்ளி குலசேகரம், சனி ஒரு கடற்கரை ஊர், ஞாயிறு பூதப்பாண்டி.

நாகர்கோவிலிலிருந்து குலசேகரம் சுமார் முப்பத்தைந்து கிலோமீட்டர். டவுன் பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் ஆனது. டிக்கெட் இருபது ரூபாய்க்குள்தான். நாடகம் நடந்த இடம், ரப்பர் ஷீட்டுகளைப் புகை போட்டு உலர்த்தும் பழைய கூடம். சுவரெல்லாம் கரி. ரப்பர் பாலின் புளித்த வாடை மூக்கை விட்டுப் போகவே இல்லை. முப்பது நாற்காலி போட்டிருந்தார்கள், இருபத்திரண்டில் ஆள் இருந்தது.

அங்கேதான் ஜெனிட்டாவை முதலில் பார்த்தேன். கடற்கரை ஊர்ப் பெண், பள்ளிக்கூட டீச்சர். நாற்பது நிமிட நாடகம். கடலுக்குப் போன கணவனுக்காகக் காத்திருக்கும் ஒரு மனைவி, அவ்வளவுதான் கதை. மேடையில் ஒரு பாயும், மூடி வைத்த ஒரு தட்டும் மட்டும். தட்டில் நிஜச் சோறு, நிஜ மீன் கறி. கடைசியில் அவள் மூடியை எடுத்து, அவனுக்காக வைத்த சோற்றைத் தானே பிசைந்து சாப்பிடத் தொடங்குவாள். அவன் இனி வரமாட்டான் என்று நமக்குப் புரியும்.

முடிந்தபின் டீ குடிக்கும்போது பேசினோம். மறுநாள் இதையே அவள் சொந்த ஊரில் போடப்போவதாகச் சொன்னாள். அவள் அம்மா மீன் விற்பவர். மகள் நடிப்பது அவருக்குச் சுத்தமாகப் பிடிக்காது. கல்யாணமாகாத பெண் கூத்தாடுகிறாள் என்று ஊர் பேசுமாம். "சோறு மட்டும் வச்சுத் தாறேன், பாக்க வரமாட்டேன்னு இருந்தாவ. நேத்து என்னமோ வாறேன்னு சொல்லியிருக்காவ. வந்து பாத்துட்டு என்ன சொல்லுவாவளோ அக்கா" என்றாள்.

சனிக்கிழமை மதியம் நாகர்கோவில் திரும்பி, மாலையில் ஆட்டோ பிடித்தேன். இருநூற்றைம்பது ரூபாய். ஊர்ப் பெயரை எழுத வேண்டாம் என்று ஜெனிட்டா கேட்டுக்கொண்டதால் விடுகிறேன். வழியெல்லாம் தென்னை மட்டைகளைக் காற்று பிய்த்துக்கொண்டிருந்தது.

"நாடகத்துக்கா போறிய? இண்ணைக்கு காத்து செரியில்லக்கா. ராத்திரி போன வள்ளத்துல நாலெண்ணம் கரையேறல்ல" என்றார் ஓட்டுநர்.

"எப்போது வந்திருக்க வேண்டும்?"

"உச்சைக்கு முன்னாடியே வந்திரும்."

உச்சை என்றால் நண்பகல். மணி அப்போது ஐந்து.

ஊருக்குள் நுழைந்ததும் அவர் சொன்னது புரிந்தது. ஞாயிற்றுக்கிழமை அங்கே யாரும் கடலுக்குப் போகமாட்டார்கள். சனி மாலை ஊரே கரையில் இருக்கும் என்று கணக்குப் போட்டுத்தான் விழாக்காரர்கள் அந்த நாளை வைத்திருந்தார்கள். ஊர் கரையில்தான் இருந்தது. எல்லாக் கண்ணும் கடல் மேல்தான். வராத நான்கு வள்ளங்களில் ஒன்றில் ஜெனிட்டாவின் தம்பி சகாயம் இருந்தான். போன் போட்டால் கிடைக்காது. கரைக்குக் கிட்டே வந்தால்தான் டவர். தேடப் போன வள்ளமும் இன்னும் திரும்பவில்லை.

விழாவை நடத்தும் பிரபு வலைக்கூடத்துச் சுவரைப் பின்னணியாக வைத்து, எதிரே நாற்காலிகளை வரிசையாகப் போட்டிருந்தார். ஜெனரேட்டர், இரண்டு பெரிய விளக்குகள், எல்லாம் தயார். அவர் திருச்சிக்காரர். நாற்காலியில் உட்கார்ந்தால் கடல் முதுகுக்குப் பின்னால் போய்விடும் என்பதை அவர் யோசிக்கவில்லை. நானும்தான். போய் முதல் வரிசையில் உட்கார்ந்தேன். வேறு ஒருவரும் உட்காரவில்லை.

முட்டளவுக்குச் சேலையைத் தூக்கிச் செருகிய ஒரு அம்மா வந்து என் முன்னால் நின்றார். "எந்திரிங்க. வள்ளம் வராம கெடக்கும்ப கடலுக்கு முதுகு காட்டி இருக்காண்டாம்" என்றார். அவர்தான் ஜெனிட்டாவின் அம்மா. நான் பதறி எழுந்தேன். அவரே நாற்காலியைத் தூக்கிக் கடலைப் பார்த்துப் போட்டார். பிற பெண்களும் வந்து ஒவ்வொன்றாகத் திருப்பினார்கள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

பிரபு தயங்கித் தயங்கி, "நாடகத்தை நிறுத்திடலாம்மா" என்றார்.

"நிறுத்தாண்டாம். லைட்ட மட்டும் அங்கோட்டுத் திருப்பு மக்கா, கரை எங்கேன்னு பயலுவளுக்குத் தெரியட்டு" என்றவர், மகளைப் பார்த்தார். "ஏட்டி ஜெனி, நீ பேசு. சும்மா இருந்தா எனக்கு நெஞ்சு வெடிச்சிரும்."

இருட்டிக்கொண்டு வந்தது. விளக்குகள் இரண்டும் கடலுக்குத் திரும்பின. பாயையும் தட்டையும் தூக்கிக்கொண்டு வந்து, கடலுக்கும் எங்களுக்கும் நடுவில் மணலில் உட்கார்ந்தாள் ஜெனிட்டா. அவளும் கடலைப் பார்த்தே இருந்ததால் முகம் தெரியவில்லை. முதல் நாள் அழகாக ஏற்றி இறக்கிப் பேசிய வசனங்களை இப்போது தட்டையாக, வேலை செய்கிற மாதிரிச் சொன்னாள். நான் அவள் அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்தேன். அவர் என் மணிக்கட்டை எப்போது பிடித்தார் என்று தெரியாது. வலித்தது, எடுக்க மனம் வரவில்லை.

எனக்கு ஒரே கவலைதான். இந்த நாடகம் எப்படி முடியும் என்று எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. ஒவ்வொரு வசனமும் அந்தத் தட்டை நோக்கித்தான் போய்க்கொண்டிருந்தது. கடவுளே, இவள் மூடியைத் திறக்கக் கூடாது என்று நான் வேண்டிக்கொண்டிருந்தேன்.

ஜெனிட்டாவின் கை மூடிக்குப் போனது. அங்கேயே நின்றது. வசனமும் நின்றது. அடுத்த வரியை மறந்துவிட்டாளா, சொல்ல முடியவில்லையா, தெரியவில்லை.

கேளுங்கள் என்பதுபோல் அம்மா கையை உயர்த்தினார். எனக்கு எதுவும் கேட்கவில்லை. கொஞ்சம் பொறுத்துத்தான் எஞ்சின் இரைச்சல் கேட்டது.

"இது நம்மளுது இல்ல. சத்தம் வேற" என்றார். தேடப் போன வள்ளம் அது. அதன் பின்னால் இன்னொன்று. மூன்றாவது சத்தம் கேட்டதும் அவர் எழுந்தார். நாற்காலி சாய்ந்து விழுந்தது. "இதுதான். இது அவனுக்க எஞ்சின்தான்" என்று கத்திக்கொண்டே ஓடினார்.

நான்கு வள்ளமும் வந்தன. ஒன்றின் எஞ்சின் நடுக்கடலில் நின்றுவிட, மற்ற மூன்றும் அதை விட்டு வராமல் மாறி மாறிக் கட்டி இழுத்திருக்கின்றன. சகாயம் உதடு வெளுத்து, நிற்க முடியாமல் மணலில் உட்கார்ந்தான். நான் அழுதேன். ஏன் ஒளிக்க வேண்டும், கூட்டத்தில் பாதிப் பேர் அழுதார்கள்.

அம்மா நேராகப் பாய்க்குப் போனார். தட்டை எடுத்தார், மூடியைத் திறந்தார், மகன் முன்னால் வைத்தார். அவன் ஒன்றும் கேட்காமல் தின்றான். அவர் தலையில் போட்டிருந்த துண்டால் அவன் தலையைத் துவட்டிக்கொண்டே ஜெனிட்டாவிடம் திரும்பினார்.

"பாக்கி எங்கேட்டி? அந்தப் பெண்ணுக்க மாப்பிள்ள வந்தானா, இல்லியா?"

ஜெனிட்டா தம்பி தின்பதைப் பார்த்தாள். "வந்தாச்சும்மா. சோறும் தின்னாச்சு. அவ்வளவுதான் நாடகம்."

"நல்லாருந்து" என்றார் அம்மா.

ஞாயிறு பூதப்பாண்டியில் இரண்டு பேர் நடித்த நாடகம் ஒன்று பார்த்தேன். நன்றாகத்தான் நடித்திருப்பார்கள், எனக்கு ஒரு வரிகூட நினைவில்லை.

இப்படிப் போக நினைப்பவர்களுக்கு: நாகர்கோவிலில் தங்குங்கள், எல்லா இடத்துக்கும் அங்கிருந்து பஸ் உண்டு. குடையும் டார்ச்சும் அவசியம். கடற்கரை ஊர்களுக்குப் போகும் ஆட்டோவைத் திரும்பி வரவும் பேசிவைத்துக்கொள்ளுங்கள், இருட்டினால் கிடைக்காது. சரியாக ஆறு மணிக்கு நாடகம் தொடங்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். கரையில் யாராவது நாற்காலி கொடுத்தால், வள்ளமெல்லாம் வந்துவிட்டதா என்று கேட்டுவிட்டு உட்காருங்கள்.